சுவரில் யாருடைய பெயர்?

பள்ளிவாசல் கட்டவும், மதரஸா எழுப்பவும், ஹவ்ளு பழுதுபார்க்கவும் நம் வியாபாரிகள் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. கொடுக்கும் கை நம் சமூகத்தில் என்றும் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொடுத்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது. அதை நிர்வாகக் கூட்டத்தில் உரக்கக் கேட்க எவரும் விரும்புவதில்லை. கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறிக்கலாமா, கூடாதா? பொறிப்பதானால் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? எத்தனை வெள்ளி கொடுத்தவர் பெயர் சலவைக்கல்லில் ஏறும்? அதற்குக் குறைவாகக் கொடுத்தவர் பெயர் எங்கே போகும்? இந்தக் கேள்வியால் முறிந்த நட்பும் உண்டு. பாதியில் நின்ற வசூலும் உண்டு.

நாம் ஆலிமல்ல, தராசு பிடிக்கும் கடைக்காரர். ஆகவே மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே விட்டுவிடுகிறோம். சரித்திரத்தில் இதே கேள்வி எப்படியெல்லாம் எழுந்தது என்பதை மட்டும் சகோதரர்கள் முன் வைத்து, அதிலிருந்து நமக்குத் தோன்றும் நியாயத்தைச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்டது ஒரு பழைய கைத்தொழில். கண்ணாடிச் சில்லுகளையும் கற்சில்லுகளையும் சுவரில் பதித்து எழுத்தும் சித்திரமும் அமைக்கும் அந்தத் தொழிலை அரபியர் ‘புஸைபிஸா’ என்றனர். இன்று உலகம் மொசைக் என்கிறது. சுவரில் பெயர் எழுதும் ஆசைக்கு அந்தக் காலத்தில் இதைவிட விலையுயர்ந்த மை கிடையாது.

சில்லும் சுண்ணாம்பும்

முதலில் தொழிலைப் பார்ப்போம். மணலையும் உவர் உப்பையும் சேர்த்து உலையில் உருக்கினால் கண்ணாடி. அக்காலத்தில் பாலஸ்தீனக் கடற்கரை மணலும், எகிப்தின் நத்ரூன் பள்ளத்தாக்கில் கிடைத்த உப்பும் இதற்குப் பேர்போனவை. உருகிய கண்ணாடியில் செம்பு சேர்த்தால் பச்சையும் ஒருவகை நீலமும் வரும். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் வரும். மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா. அதை அப்பம்போல் தட்டையாக ஊற்றி ஆறவைத்து, கூரிய இரும்பின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டி, விரல்நகம் அளவுள்ள சில்லுகளாக உடைப்பார்கள்.

தங்கச் சில்லு செய்வது வேறு விதம். கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய தங்க ரேக்கை ஒட்டி, அதன்மேல் இன்னொரு மிக மெல்லிய கண்ணாடியைப் படரவிட்டு, உலையில் சூடேற்றி ஒன்றாக்குவார்கள். தங்கம் இரு கண்ணாடிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும். காற்றும் கையும் அதைத் தீண்ட முடியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் சில சுவர்கள் இன்றும் மின்னுவதன் ரகசியம் இதுதான்.

சுவரில் சுண்ணாம்புச் சாந்து இரண்டு மூன்று அடுக்காகப் பூசப்படும். அடியடுக்கு முரடானது, அது பிடிப்பதற்காகச் சில இடங்களில் வைக்கோலும் கலப்பார்கள். கடைசி அடுக்கை ஒரேயடியாகப் பூசுவதில்லை. அது காய்வதற்குள் எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவே பூசுவார்கள். ஈரச் சாந்தின்மேல் சித்திரத்தை வர்ணத்தால் எழுதிக்கொண்டு, சில்லுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார்கள். பைத்துல் முகத்தஸில் உள்ள குப்பத்துஸ் ஸக்ராவின் நேர்ச்சுவர்களில் தங்கச் சில்லுகளைச் சுவரோடு தட்டையாகப் பதிக்காமல், கீழே நிற்பவனை நோக்கிச் சற்றே சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் அவன் கண்ணில் வந்து விழவேண்டும் என்பதற்காக! சாரத்தின்மேல் நின்று வேலை செய்தவன் தன் கண்ணுக்காக அன்று, கீழே நிற்கப்போகும் யாரோ ஒருவனின் கண்ணுக்காக ஒவ்வொரு சில்லாகச் சாய்த்தான். அவன் பெயர் அங்கே எழுதப்படவில்லை.

பெயர் மாறியது, வருஷம் மாறவில்லை

குப்பத்துஸ் ஸக்ராவைக் கட்டியவர் உமையா கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான். ஹிஜ்ரீ 65 முதல் 86 வரை (கி.பி. 685 முதல் 705 வரை) ஆண்டவர். அந்தக் கட்டிடத்தின் உள்ளே எண்கோண வளைவுகளின் மேல், இரு புறமும் சேர்த்து ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்துக்கு ஒரே எழுத்து வரிசை ஓடுகிறது. கரும்நீலச் சில்லுகளின் நடுவே தங்கச் சில்லுகளால் ஆன அரபி எழுத்துகள். சுவர்களில் மரமும் கொடியும் பூச்சாடியும் மணிமாலையும் கிரீடமும் உண்டு. மனித உருவமோ மிருக உருவமோ ஒன்றேனும் இல்லை. வெளிச்சுவரிலும் இதே வேலைப்பாடு இருந்தது. உதுமானிய சுல்தான் சுலைமான் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அதை எடுத்துவிட்டு ஓடுகள் பதித்தார்கள். உட்புறம் பெருமளவு பழையபடி நிற்கிறது.

அந்த எழுத்து வரிசையில் கட்டியவர் பெயரும் வருஷமும் வருகின்றன. வருஷம் ஹிஜ்ரீ 72, அதாவது கி.பி. 691-692. ஆனால் கட்டியவர் என்று அங்கே இருக்கும் பெயர் அப்துல் மலிக் அன்று. அப்பாசிய கலீபா அல் மஃமூன்! மஃமூன் பிறந்ததே ஹிஜ்ரீ 170இல். பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் எப்படிக் கட்டிடம் கட்டுவார்? மஃமூன் காலத்தில் (ஹிஜ்ரீ 198 முதல் 218 வரை) பழைய பெயர் இருந்த சில்லுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிய பெயரைப் பதித்துவிட்டார்கள். இருந்த இடமோ குறைவு, புதிய பெயரோ நீளம். ஆகையால் அந்த எழுத்துகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நீலமும் பக்கத்து நீலத்தோடு ஒத்துப்போகவில்லை. பெயரை மாற்றியவர்கள் வருஷத்தை மாற்ற மறந்தார்களோ, மாற்றத் துணியவில்லையோ! பத்திரத்தில் பெயரைச் சுரண்டித் திருத்தியவன் தேதியை அப்படியே விட்டுவிட்டால் என்னவாகும் என்பது நம் வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மஃமூன் சாமானியரல்லர். கல்வியை வளர்த்தவர், கிரேக்க நூல்களை அரபியில் மொழிபெயர்க்கப் பொருள் கொடுத்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. அவர் பெயர் நிலைக்க வேறொருவர் கட்டிய சுவர் தேவையே இல்லை. அவரே கட்டளையிட்டிருந்தாலும் சரி, அவரை மகிழ்விக்க ஊழியர்கள் செய்திருந்தாலும் சரி, இன்று அந்தச் சுவரைப் படிப்பவர்கள் அவருடைய கல்வியையா நினைக்கிறார்கள்? ஒரு பெயரை அழித்துத் தம் பெயரை வைத்தவர் என்றே நினைக்கிறார்கள். பெயருக்காகச் செய்தது பெயரைக் கெடுத்தது.

பணப்பை ஏந்திய சக்கரவர்த்தி

இது நம்மவர்களின் பலவீனம் மட்டும்தானா என்றால், இல்லை. இஸ்தான்புல்லில் அயா சோபியா என்ற புராதனக் கட்டிடம் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தேவாலயமாகத் தொடங்கி, 1453இல் பள்ளிவாசலாகி, 1934ஆம் வருஷத் தீர்மானத்தால் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. அதன் மேல்மாடத்தில், பூச்சுக்கு அடியில் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1930களில் வெளிப்பட்ட ஒரு சில்லுச் சித்திரம் உண்டு. ஸோயி என்ற ரூம் நாட்டு ராணியும் அவள் கணவரான சக்கரவர்த்தியும் தேவாலயத்துக்குக் காணிக்கை தருவதாக அதில் காட்டியிருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் கையில் ஒரு பணப்பை!

வேடிக்கை என்னவென்றால், ஸோயி மூன்று முறை மணந்தவள். சித்திரத்தில் இப்போது இருப்பது 1042 முதல் 1055 வரை ஆண்ட மூன்றாம் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனின் முகமும் பெயரும். ஆனால் முகம் இருக்கும் இடத்திலும் பெயர் இருக்கும் இடத்திலும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு மறுபடி பதிக்கப்பட்டது தெளிவாகத் தெரிகிறது. முதலில் அங்கே இருந்தவர் அவளுடைய முந்திய கணவர். முதற் கணவரான மூன்றாம் ரொமானோஸ் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. உடலும் உடையும் பணப்பையும் பழையவரைச் சேர்ந்தவை. தலையும் பெயரும் மட்டும் புதியவை. முன்னவர் கொடுத்த காணிக்கைக்குப் பின்னவர் பெயர்!

ஆக, மதம் எதுவாயினும் மனிதன் ஒருவனே. பைத்துல் முகத்தஸில் ஒரு பெயர் மாறியது. கான்ஸ்டான்டிநோபிளில் முகமே மாறியது. சுவரில் எழுதிய பெயர் நிரந்தரம் என்று எண்ணுகிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். தமக்குப் பின் அதிகாரத்துக்கு வருகிறவன் கையிலும் ஒரு சுத்தி இருக்கிறது.

கூலி வாங்கியவர்கள்

பணம் கொடுத்தவர் பெயருக்கே இந்தக் கதியென்றால், கையால் உழைத்தவர் பெயர் என்னவாயிற்று? இதற்கும் சரித்திரம் ஓரளவு விடை தருகிறது.

அப்துல் மலிக்கின் மகன் வலீத் (ஹிஜ்ரீ 86 முதல் 96 வரை ஆண்டவர்) திமிஷ்க் நகரில், அதாவது டமாஸ்கஸில், பெரிய ஜாமிஉ பள்ளியைக் கட்டினார். அதே காலத்தில் எகிப்தின் ஆளுநராயிருந்தவர் குர்ரா இப்னு ஷரீக். மேல் எகிப்தில் அப்ரோதிதோ என்ற சிற்றூரின் அதிகாரிக்கு அவர் அனுப்பிய கடிதங்கள் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டவை. சில கிரேக்கத்தில், சில அரபியில். 1901இல் அவை மண்ணிலிருந்து கிடைத்தன. திமிஷ்க் பள்ளி வேலைக்கும் பைத்துல் முகத்தஸ் வேலைக்கும் இத்தனை ஆட்களை அனுப்பு, இத்தனை மாதத்துக்கு, அவர்கள் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு வசூல் செய் என்று அந்தக் காகிதங்கள் பேசுகின்றன. சுவரில் கலீபாவின் பெயர். குப்பையில் கிடந்த காகிதத்தில் கூலியாளின் கணக்கு. எங்கோ ஒரு சிற்றூரில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பாலைவனம் கடந்து போய் உழைத்தவனின் சுவடு இந்தக் கணக்குச் சீட்டில்தான் மிஞ்சியது.

இன்னொன்று. அந்தலூஸின் தலைநகர் குர்துபாவில் இரண்டாம் ஹகம் பெரிய பள்ளியை விஸ்தரித்து, அதன் மிஹ்ராபைத் தங்கச் சில்லுகளால் அழகுசெய்தார். காலம் ஹிஜ்ரீ 354, கி.பி. 965ஐ ஒட்டியது. சில்லு வேலை தெரிந்த ஓர் உஸ்தாதை அனுப்பும்படி ரூம் சக்கரவர்த்தியை அவர் கேட்டார் என்றும், உஸ்தாதோடு 320 கிந்தார் எடை சில்லுகளும் அன்பளிப்பாக வந்தன என்றும் இப்னு இதாரீ என்ற சரித்திராசிரியர் எழுதுகிறார். கிந்தார் என்பது நூறு ராத்தல்! ஹகம் தம் அடிமைகள் சிலரை அந்த உஸ்தாதிடம் தொழில் கற்க விட்டார். அவர்கள் கற்றுத் தேர்ந்து, உஸ்தாதையே மிஞ்சி, அவர் பரிசு பெற்று ஊர் திரும்பிய பிறகு தாங்களே வேலையைத் தொடர்ந்தார்கள் என்பதும் அதே ஏட்டில் இருக்கிறது. மிஹ்ராபில் ஹகமின் பெயர் இருக்கிறது. ஆசிரியரை மிஞ்சிய அந்த அடிமைகளின் பெயரை அந்த ஏடு சொல்லவில்லை. அதே பள்ளியின் தூண்தலைகள் சிலவற்றில் கல்தச்சர்கள் தங்கள் பெயரைச் சிறிதாகப் பொறித்திருக்கிறார்கள். அதைப் பெருமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ‘இதைச் செய்தவன் நான், பிழை இருந்தால் என்னைக் கேள்’ என்று வேலைக்காரன் பொறுப்பேற்றுக்கொள்வதாகவே நமக்குத் தோன்றுகிறது.

உமர் (ரஹ்) அவர்களின் தயக்கம்

பெயர்க் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. இவ்வளவு அலங்காரம் தேவையா? இது தருமமா, வீண் விரயமா? பெயரை விட்டுவிட்டாலும் இதை விட முடியாது. வீண் விரயத்தில் பெயர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன?

திமிஷ்க் பள்ளிக்கு ஷாம் தேசத்தின் ஏழு வருஷ நிலவரி செலவாயிற்று என்று ஹிஜ்ரீ 4ஆம் நூற்றாண்டில் எழுதிய முகத்தஸீ குறிப்பிடுகிறார். செலவுக் கணக்குகளைப் பதினெட்டு ஒட்டகங்களில் ஏற்றிக் கொண்டுவந்தபோது, இறைவனுக்காகச் செலவிட்டதற்குக் கணக்குப் பார்ப்பதில்லை என்று வலீத் அவற்றை எரிக்கச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் காதுக்கு இது உறுத்துகிறது. எரிந்தது அவர் சொந்தப் பேரேடா? பைத்துல் மாலின் பேரேடு அன்றோ!

வலீதுக்குப் பின் ஹிஜ்ரீ 99இல் கலீபாவானவர் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்). அந்தப் பள்ளியின் பளிங்கையும் தங்கச் சில்லுகளையும் விளக்குச் சங்கிலிகளையும் கழற்றி, பைத்துல் மாலில் சேர்த்துவிட அவர் எண்ணினார் என்று சரித்திராசிரியர்கள் எழுதுகிறார்கள். அதே சமயம் ரூம் நாட்டுத் தூதர்கள் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். பார்த்ததும் அவர்கள் தலைவன் முகம் வெளுத்தது. அரபியர் இங்கே தங்குவது கொஞ்ச நாள்தான் என்று தங்கள் ஊரில் பேசிக்கொண்டிருந்ததாகவும், இவர்கள் நிலைத்து நிற்க வந்தவர்கள் என்று இப்போது விளங்கியதாகவும் அவன் சொன்னானாம். அதைக் கேட்ட உமர் (ரஹ்), பள்ளியை அப்படியே விட்டுவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இதே உமர் (ரஹ்) இதற்கு முன் வலீதின் கீழ் மதீனாவில் ஆளுநராயிருந்தார். மஸ்ஜிதுந் நபவீயை வலீத் விஸ்தரித்துக் கட்டியபோது மேற்பார்வை பார்த்தவரே அவர்தாம். அந்த வேலைக்கு ரூம் சக்கரவர்த்தி நூறு வேலையாட்களையும் நாற்பது சுமை சில்லுகளையும் அனுப்பியதாகத் தபரீ எழுதுகிறார். ஆளுநராக அழகுபடுத்தியவர், கலீபாவானதும் அழகைக் கழற்ற நினைத்தார். பின் கழற்றாமல் விட்டார். சிலர் இதைத் தடுமாற்றம் என்பார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பொதுப்பணத்தை ஒவ்வொரு முறையும் கையில் நிறுத்துப் பார்த்த மனிதரின் தயக்கம் இது. தயங்காமல் செலவு செய்கிறவனைக் கண்டுதான் ஜமாஅத் பயப்பட வேண்டும்.

முகத்தஸீயும் இதே கேள்வியைத் தம் சிறிய தந்தையிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பணத்தைச் சாலைக்கும் நீர்த்தொட்டிக்கும் கோட்டைக்கும் செலவிட்டிருந்தால் வலீத் இன்னும் நன்றாகச் செய்திருப்பாரே என்றாராம். சிறிய தந்தை மறுத்தார். ஷாமில் கிறிஸ்தவர்களின் தேவாலயங்கள் கண்ணைப் பறிக்கும் அழகோடு நின்றன. அவற்றைக் கண்டு முஸ்லிம்கள் மனம் தடுமாறாதிருக்க, உலகம் வியக்கும் பள்ளி ஒன்றை வலீத் கட்டினார் என்பது அவர் வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த முகத்தஸீயின் பாட்டனார் ஒரு கட்டிடக் கலைஞர். அக்கா துறைமுகத்தை இப்னு தூலூனுக்காகக் கட்டிக் கொடுத்து ஆயிரம் தீனாரும் மரியாதை ஆடைகளும் பெற்றவர். அவர் கதையை இன்று நாம் அறிவது எதனால்? பேரன் நன்றியோடு தம் நூலில் எழுதிவைத்ததனால்.

பெயர் எதற்கு?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெயர் எழுத வேண்டும் என்போர் மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள். ஒன்று, கணக்கு: பெயரைப் பகிரங்கமாகப் போட்டால் பணம் வந்து சேர்ந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டு, தூண்டுதல்: ஒருவர் கொடுத்ததைக் கண்டு இன்னொருவர் கொடுப்பார். மூன்று, துஆ: மர்ஹூமாகிவிட்ட தாய் தந்தையர் பெயரைப் படிப்பவர்கள் அவர்களுக்காகக் கையேந்துவார்கள். இவற்றை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைவாக ஏழைக்குக் கொடுப்பது அதனினும் மேல் என்றுதான் வேதம் கற்பிக்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை.

கூடாது என்போரும் மூன்று சொல்கிறார்கள். முகஸ்துதி வந்து நிய்யத்தைக் கெடுக்கும். பெயருக்கு ஒரு விலை ஏற்பட்டுவிடும். இத்தனை வெள்ளிக்கு இத்தனை அங்குல எழுத்து என்றாகிவிட்டால் அது தருமமன்று, விளம்பரக் கட்டணம். மூன்றாவது எல்லாவற்றிலும் கொடியது: சலவைக்கல்லில் இடமில்லாதவன், தான் கொடுத்தது கணக்கிலேயே இல்லை என்று எண்ணி அடுத்த முறை ஒதுங்கிக்கொள்வான்.

இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்த்ததில் நமக்கு விளங்கியது இதுதான். பெயர் என்பது இரண்டு வகை. கொடுத்தவன் கேட்டு வாங்கும் பெயர் ஒன்று. வாங்கியவன் நன்றியோடு நினைக்கும் பெயர் இன்னொன்று. சுவரில் பார்த்தால் இரண்டும் ஒரே எழுத்துதான். ஆனால் முன்னது கடன் வசூல், பின்னது நன்றி. கொடுத்தவன் மறக்க வேண்டும். வாங்கியவன் மறக்கக் கூடாது. இந்த இரண்டு கடமையும் இடம் மாறும்போதுதான் கெடுதல் விளைகிறது. கொடுத்தவன் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறான். வாங்கிய நிர்வாகமோ கணக்கை மறந்துவிடுகிறது! வலீத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதன் கணக்கை எரித்திருந்தால் அது தியாகம். பொதுப்பணத்தின் கணக்கை எரிப்பது எவருக்கும் உரிமையில்லாத செயல்.

கணக்குக்காகத்தான் பெயர் என்றால் அதற்குச் சலவைக்கல் உதவாது. கல் வரவை மட்டும் சொல்லும், செலவைச் சொல்லாது. ஐந்து காசு கொடுத்தவர் முதல் ஐயாயிரம் வெள்ளி கொடுத்தவர் வரை எல்லோர் பெயரையும் ஒரே மையால், ஒரே அளவு எழுத்தில், வந்த தேதி வரிசைப்படி ஒரு புத்தகத்தில் எழுதி, யார் வந்து கேட்டாலும் காட்டும்படி பள்ளியில் வைக்கட்டும். தணிக்கை செய்த வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். துஆவுக்காக என்றால், கல்லைப் படித்து துஆச் செய்பவர் எத்தனை பேர்? மர்ஹூம்களின் பெயரை மஜ்லிஸில் வாசித்து ஜமாஅத்தாகக் கையேந்துவது அதைவிட மேல். தூண்டுதலுக்காக என்றால், பெயரைக் கண்டு தூண்டப்படுகிறவன் பெயருக்காகவே கொடுப்பான். முடிந்த வேலையைக் கண்டு தூண்டப்படுகிறவன் வேலைக்காகக் கொடுப்பான். இரண்டாமவனே நமக்கு நெடுநாள் துணை.

சுவரில் எழுத வேண்டியது ஒன்று உண்டு. எந்த வருஷம் கட்டியது, எந்த நோக்கத்துக்காகக் கட்டியது, கட்டிய கொத்தனார் யார் என்பதை எழுதலாம். உழைத்தவனின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கும்படி நபி பெருமானார் (ஸல்) நமக்குக் கற்பித்தார்கள். கூலி கொடுத்ததும் அவனை மறந்துவிட வேண்டும் என்று யாரும் கற்பிக்கவில்லையே!

இனி, நம் ஊர்களில் ஏற்கெனவே பதித்துவிட்ட கற்கள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? இங்கே மஃமூன் காலத்துச் சுவர் நமக்குப் பாடமாக இருக்கட்டும். பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புதிய கொடையாளிகளின் கல்லைப் பதிக்கும் வழக்கம் பரவினால், குப்பத்துஸ் ஸக்ராவில் நடந்ததை நாமே மறுபடி நடத்தியவர்களாவோம். பெயர் எழுதியது சரியோ தவறோ, எழுதிய பெயரை அழித்து அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது பொய். கப்பலேறி வந்து, கடைத் திண்ணையில் படுத்துறங்கி, மிச்சம் பிடித்த காசில் முதற் கல்லை வைத்தவர்களின் பெயர் அது. புதுப்பித்தவர், ‘புதுப்பித்தவர்’ என்று எழுதிக்கொள்ளட்டும். தம் வருஷத்தைப் போட்டுக்கொள்ளட்டும். ‘கட்டியவர்’ என்ற சொல் கட்டியவருக்கே உரியது.

பெயரில்லாத கொடைக்கு ஓர் உதாரணம் காண விரும்பும் சகோதரர்கள் திமிஷ்குக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1932இல் கட்டி முடித்த சுல்தான் பள்ளியின் தங்க நிறக் குவிமாடத்தைப் பாருங்கள். அதன் அடிப்பாகத்தைச் சுற்றிக் கறுத்த பட்டைபோல் தெரிவது முழுவதும் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பணம் கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களும் பள்ளிக்குத் தங்கள் பங்கைச் செலுத்தவேண்டும் என்பதற்காக அவர்கள் கொடுத்த போத்தல்கள் என்று சொல்லப்படுகிறது. எந்தப் போத்தல் யார் கொடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும் செல்வந்தர் கொடுத்த பணத்தால் எழுந்த குவிமாடம் அந்தப் போத்தல்களின்மேல்தான் நிற்பதுபோல் காட்சி தருகிறது.

திமிஷ்க் பள்ளியில் தங்க எழுத்தால் பொறித்த வலீதின் பெயரை ஹிஜ்ரீ 332 வரை படிக்க முடிந்தது என்று மஸ்ஊதீ எழுதிவைத்தார். இன்று அந்த எழுத்து இல்லை. ஹிஜ்ரீ 461இலும், தைமூர் படையெடுத்த கி.பி. 1401இலும், பின்னர் 1893இலும் பள்ளி தீயில் வெந்தது. பூச்சின் அடியில் மறைந்து கிடந்த ஒரு நீண்ட சுவரைப் பின்பு 1928-29இல் துலக்கினார்கள். அதில் 34 மீட்டர் நீளத்துக்கு ஆறும் மரங்களும் மாளிகைகளும் பசுமையும் பொன்னுமாய் நிற்கின்றன. பெயர் போயிற்று, வேலை நிற்கிறது. தொழுகைக்கு வருகிறவர்கள் இன்றும் அதன் கீழே வரிசையாக நிற்கிறார்கள்.

அடுத்த முறை வசூல் புத்தகம் நம் கடைக்கு வரும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: ‘பெயர் போடமாட்டோம்’ என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால், நாம் எழுத எண்ணிய தொகை குறையுமா? குறைந்தால், குறையும் அந்தத் தொகை பள்ளிக்குக் கொடுக்க இருந்ததன்று. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள இருந்தது. குறையாவிட்டால் பெயரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதுகிறவன் எழுதிக்கொள்வான்.

அல்லாஹ் நம் நிய்யத்துகளைச் சீராக்கி, நம் கொடைகளை ஒப்புக்கொள்வானாக. ஆமீன்.